விடுதி அறையும் உறைந்த உணவுப் பெட்டியும்

அமெரிக்கப் பல்கலைக்கழக விடுதியில் சேரும் முதலாண்டு மாணவரின் அறையில் சமையல் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இருக்காது. மின்சார அடுப்பும் டோஸ்டரும், பல இடங்களில் ரைஸ் குக்கரும், தீ விபத்துப் பயத்தால் தடை செய்யப்பட்டவை. இடுப்பளவு உயரமுள்ள ஒரு ஃபிரிட்ஜும் சின்ன மைக்ரோவேவ் அடுப்பும்தான் அனுமதிக்கப்படும். முதலாண்டு மாணவர்கள் உணவுக்கூடத்துக்கு முன்பணம் கட்டியே ஆக வேண்டும் என்பது பல பல்கலைக்கழகங்களில் விதி. ஆனால் அந்தக் கூடம் இரவில் மூடிவிடும். நவம்பர் கடைசியில் வரும் நன்றியறிதல் விடுமுறையிலும் டிசம்பர் விடுமுறையிலும் பல ஊர்களில் பூட்டியே கிடக்கும். அந்த நேரங்களில் கைகொடுப்பது, சூப்பர் மார்க்கெட்டின் கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் ஃப்ரோசன் டின்னர் பெட்டி.

எதை வாங்கலாம் என்று கேட்டால் பெரும்பாலும் பிராண்டுகளின் பட்டியல் ஒன்று கிடைக்கும். இது ருசி, அது மலிவு, இன்னொன்றில் உப்புக் குறைவு. அதனால் ஓரளவுதான் பயன். இந்தப் பெட்டிகள் எப்படி வந்தன, எப்படிச் சூடாகின்றன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும்: அவற்றில் பெரும்பாலானவை மாணவரை மனத்தில் வைத்துச் செய்யப்படவில்லை. சாப்பாட்டின் அளவு, உப்பு, சூடாக்கும் நேரம் எல்லாமே வேறு யாருக்கோ கணக்கிட்டவை. யாருக்கு என்பது தெரிந்துவிட்டால் தேர்ந்தெடுப்பது எளிது.

கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ என்ற அமெரிக்கர் 1912க்கும் 1915க்கும் இடையில் இன்றைய கனடாவின் லாப்ரடார் பகுதியில் வாழ்ந்தார். அங்குள்ள இனுயிட் மக்கள் பிடித்த மீன் கடுங்குளிர்க் காற்றில் உடனே உறைந்துபோவதையும், மாதங்கள் கழித்துச் சமைத்தாலும் ருசி மாறாதிருப்பதையும் அவர் கவனித்தார். மெதுவாக உறையும் உணவுக்குள் பெரிய பனிப்படிகங்கள் வளர்ந்து திசுக்களைக் கிழித்துவிடும். வேகமாக உறைந்தால் படிகங்கள் பொடியாக இருக்கும், திசுவும் குலையாது. இதை அடிப்படையாக வைத்து உருவாக்கிய தொழிலை அவர் 1929இல் 2.2 கோடி டாலருக்கு விற்றார். மறு ஆண்டு மார்ச்சில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் உறைந்த பட்டாணியும் கீரையும் மீனும் இறைச்சியும் விற்பனைக்கு வந்தன. அதாவது, முதலில் வந்தவை உறைந்த பொருள்கள். முழுச் சாப்பாடு பின்னால் வந்தது. எது முந்தியது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, மாணவருக்கு இன்றும் அதிகம் உதவுவது அந்த முதல் வகைதான்.

தட்டில் பிரித்து வைத்த முழுச் சாப்பாட்டை 1940களிலேயே விமானப் பயணிகளுக்காகவும் மதுக்கூடங்களுக்காகவும் சிலர் செய்து பார்த்திருந்தார்கள். அதை வீட்டுக்குள் கொண்டுவந்தது நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரிலிருந்த ஸ்வான்சன் நிறுவனம். 1953இல் வந்த அதன் அலுமினியத் தட்டில் வான்கோழி, சோள ரொட்டித் துணுக்கு, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு இருந்தன. விலை 98 சென்ட். வழக்கமான அவனில் 25 நிமிடம் வைக்க வேண்டும். யார் கண்டுபிடித்தது என்பதில் இன்றும் தகராறு உண்டு. கெர்ரி தாமஸ் என்ற விற்பனையாளர் தானே என்றார், ஸ்வான்சன் குடும்பத்தார் மறுத்தார்கள். அது யாருடைய சாப்பாடு என்பதில் தகராறு கிடையாது. பெரிய அவன் உள்ள வீட்டில், தொலைக்காட்சிக்கு முன்னால் உட்காரும் நடுத்தரக் குடும்பத்துக்காகச் செய்தது அது.

இரண்டாவது திருப்பம் மைக்ரோவேவினால் வந்தது. ராடார் தொழிலிலிருந்து பிறந்த அந்த அடுப்பு, 1967இல் அமானா நிறுவனம் 495 டாலருக்கு விற்ற மேசை மாதிரியோடு வீடுகளுக்குள் நுழைந்தது. அலுமினியத் தட்டு அதற்கு ஒத்துவராது. ஸ்வான்சன் 1986இல் அந்தத் தட்டைக் கைவிட்டது. இதற்கிடையே 1981இல் நெஸ்லே குழுமத்தின் ஸ்டௌஃபர்ஸ் நிறுவனம் லீன் குஸீன் என்ற வரிசையைக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு பெட்டியும் 300 கலோரிக்குள் என்பதுதான் அதன் விளம்பரமே. 1985இல் மாரடைப்புக்கு ஆளான கோனாக்ரா நிறுவனத் தலைவர் மைக் ஹார்ப்பர், அந்த அனுபவத்திலிருந்து ஹெல்தி சாய்ஸ் வரிசையைத் தொடங்கினார். இன்று கடையில் 'ஆரோக்கியமான' பெட்டி என்று கண்ணில் படுபவற்றுக்கு முன்னோடி இவைதாம். எடை குறைக்க நினைத்த அலுவலக ஊழியரும் இதய நோயாளியும் இவற்றின் வாடிக்கையாளர்கள். நாள் முழுக்க வளாகத்தில் நடந்துவிட்டு, இரவு இரண்டு மணி வரை படிக்கும் 19 வயதுப் பிள்ளைக்கு 280 கலோரி எந்த மூலைக்குக் காணும்? அந்த வயது ஆணுக்கு ஒரு நாளைக்கு 2,400 முதல் 3,000 கலோரி தேவைப்படும். ஒரு பெட்டி சாப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிப்பதை மாணவரின் கட்டுப்பாடின்மை என்று சொல்வது அநியாயம். அந்தப் பெட்டி குறைவாகச் சாப்பிட வைப்பதற்காகவே செய்யப்பட்டது.

எதிர்ப்பக்கத்தில் 1970களில் வந்த ஹங்ரி மேன் போன்ற பெரிய பெட்டிகள் இருக்கின்றன. இவை வயிற்றை நிரப்பும். ஆனால் உப்பு எகிறிவிடும். ஒரு நாளைக்கு 2,300 மில்லிகிராம் சோடியம் என்பது அமெரிக்க அரசு வகுத்த மேல்வரம்பு. உலக சுகாதார நிறுவனம் 2,000 என்கிறது. சாதாரணப் பெட்டியிலேயே 600 முதல் 900 மில்லிகிராம் இருக்கும். பெரிய பெட்டிகளில் 1,500ஐத் தாண்டுவதும் உண்டு. லேபிளில் அன்றாட அளவில் 5 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்தால் குறைவு, 20 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் அதிகம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு எளிய கணக்கு வைத்திருக்கிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் ஃப்ரோசன் டின்னர்களில் அநேகமாக எல்லாமே 'அதிகம்' பக்கம்தான். என்றாவது ஒரு இரவு சாப்பிடுவதால் ஒன்றும் ஆகிவிடாது. பரீட்சை மாதம் முழுவதும் மதியமும் இரவும் இதுவே என்றால் அப்படிச் சொல்ல முடியாது.

அதிகம் பதப்படுத்திய உணவு பற்றிய விவாதத்தையும் தவிர்க்க முடியாது. பிரேசிலின் கார்லோஸ் மாண்டெய்ரோ, பதப்படுத்தும் அளவை வைத்து வகுத்த நோவா பிரிவின்படி தயார் நிலைச் சாப்பாட்டுப் பெட்டிகள் கடைசி வகையில் வருகின்றன, வெறும் உறைந்த காய்கறி முதல் வகையில். 2019இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரைத் தங்கவைத்து இரண்டு வகை உணவையும் இரண்டிரண்டு வாரம் கொடுத்தார்கள். பதப்படுத்திய உணவின்போது ஒவ்வொருவரும் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் கவனமாகச் செய்யப்பட்டது. உறைய வைப்பது வேறு, பதப்படுத்துவது வேறு. மாணவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைத்து உறைந்த காய்கறியையும் ஒதுக்கிவிடுவதுதான் வருத்தம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எட்டுக் காய்கனிகளை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டார்கள். உறைந்தவற்றின் வைட்டமின் அளவு பெரும்பாலும் புதியவற்றுக்கு இணையாகவும் சிலவற்றில் கூடுதலாகவும் இருந்தது. சில காய்களில் பீட்டா கரோட்டின் மட்டும் நன்றாகக் குறைந்திருந்தது.

இனி சூடாக்கும் விஷயம். நான் இதில் கொஞ்சம் விரிவாகவே நிற்க விரும்புகிறேன். ருசி, பாதுகாப்பு இரண்டுமே இங்கேதான் தீர்மானமாகின்றன. மைக்ரோவேவ் அலை திரவ நீரை நன்றாகச் சூடாக்கும், பனிக்கட்டியை அவ்வளவாகச் சூடாக்காது. ஒரு பெட்டியின் ஓரம் முதலில் உருகிவிட்டால், உருகிய நீர் அடுத்து வரும் அலையை எல்லாம் தானே வாங்கிக்கொள்ளும். நடுவில் இருக்கும் பனி அப்படியே கிடக்கும். அதனால்தான் ஓரத்தில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும்போதே நடுவில் கரண்டி இறங்குவதில்லை. பனி உருகுவதற்கு மட்டுமே ஒரு கிராமுக்கு 334 ஜூல் வெப்பம் தேவை. அதே வெப்பம் நீருக்குக் கிடைத்தால் அது 80 டிகிரி சூடேறும். பாதி சக்தியில் சில நிமிடம் வைத்து, வெளியே எடுத்துக் கிளறி, மறுபடி முழுச் சக்தியில் வைத்து, எடுத்த பின் இரண்டு நிமிடம் மூடி வைக்கச் சொல்லும் குறிப்புகளுக்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான். பாதிச் சக்தி என்றால் அடுப்பு விட்டு விட்டு எரிகிறது, அந்த இடைவேளையில் ஓரத்துச் சூடு நடுவுக்குப் பரவுகிறது. கடைசியாக மூடி வைக்கும் இரண்டு நிமிடமும் சமையலில் சேர்ந்ததே. பசியில் அதைத்தான் முதலில் விட்டுவிடுகிறோம்.

இன்னொரு சிக்கல், பெட்டியில் அச்சிட்ட நேரம் பெரும்பாலும் 1,100 வாட் அடுப்புக்கானது. விடுதி அறைச் சின்ன அடுப்புகள் 700 வாட் அளவில்தான் இருக்கும். 5 நிமிடம் என்று போட்டிருந்தால் 700 வாட் அடுப்பில் அதே வெப்பம் கிடைக்க ஏறக்குறைய 8 நிமிடம் ஆகும். பெட்டி சொன்னதை அப்படியே செய்த மாணவர், சொன்னதில் மூன்றில் இரண்டு பங்கு வெப்பம்தான் கொடுத்திருக்கிறார். அதை அவர் அறிய வழியில்லை.

இதன் விளைவு சில சமயம் ருசிக்கேட்டோடு நிற்பதில்லை. 2007 அக்டோபரில் கோனாக்ரா நிறுவனத்தின் பேங்க்வெட் வகைக் கோழி, வான்கோழி 'பாட் பை'கள் (மாவுறைக்குள் இறைச்சி அடைத்தவை) சால்மோனெல்லா கிருமியால் திரும்பப் பெறப்பட்டன. 41 மாநிலங்களில் நானூறு பேருக்குக் குறையாமல் நோயுற்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதை மைக்ரோவேவில் சூடாக்கியவர்கள். தங்கள் அடுப்பு எத்தனை வாட் என்று தெரிந்தவர்கள் குறைவு. உறைய வைப்பதால் கிருமி சாவதில்லை, தூங்கிக்கொண்டிருக்கும். நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸ் வரை சூடேறினால்தான் கவலையில்லை. இறைச்சி முன்பே வெந்த பெட்டி, வேகாத மாவுறையோடு வரும் பெட்டி என்று இரண்டு வகை உண்டு. சின்ன அடுப்பு வைத்திருப்பவர்கள் இரண்டாவது வகையைத் தவிர்ப்பதே என் துணிந்த யோசனை.

ஃபிரிட்ஜைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒற்றைக் கதவு குட்டி ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பனி அறை மைனஸ் 18 டிகிரியைப் பெரும்பாலும் எட்டாது. ஐஸ்கிரீம் கல்லாக நிற்காமல் இளகியிருந்தால் அங்கே மாதக்கணக்கில் எதையும் வைக்கக் கூடாது. வாரத்துக்கு வாங்கி வாரத்தில் முடிப்பதுதான் சரி. தனிக் கதவுள்ள ஃப்ரீசர் இருந்தால் மூன்று நான்கு மாதம் வரை ருசி கெடாது. தள்ளுபடியைப் பார்த்து இருபது பெட்டி வாங்குமுன் இதை யோசிக்க வேண்டும்.

எந்த உணவு உறைந்து உருகிய பின்னும் நன்றாக இருக்கும்? குழம்பாக, கெட்டியாக, ஈரமாக இருப்பவை. லசான்யா, பீன்ஸ் வகைகள், சோறு, சூப் எல்லாம் தாங்கும். மொறுமொறுப்பானவை தாங்காது. வெந்த முட்டை வெள்ளை ரப்பராகும், உருளைக்கிழங்கு துண்டு பஞ்சாகும். வெறும் மாவில் கெட்டியாக்கிய சாறு உருகும்போது தண்ணீர் விட்டுப் பிரியும். கலிஃபோர்னியாவின் ஆல்பனியில் உள்ள அமெரிக்க வேளாண்துறை ஆய்வகம் ஒட்டும் அரிசி மாவு கலந்து இதற்கு வழி கண்டது. மொறுமொறுப்புக்காக, சில அடைத்த ரொட்டி வகைகளோடு வரும் சாம்பல் நிற அட்டை உறையில் மெல்லிய உலோகப் பூச்சு இருக்கிறது. அலையை வாங்கி அதுவே சூடான தட்டுபோலாகி மேல்புறத்தை முறுகலாக்கும். அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டில் வைத்தால் ஈர ரொட்டிதான் கிடைக்கும்.

இந்தியக் கடைகளின் ஃப்ரீசருக்கு வருவோம். மேலே சொன்ன விதிப்படி பார்த்தால் நம் சமையலில் பாதி, உறைய வைப்பதற்கென்றே பிறந்த மாதிரி இருக்கிறது. சன்னா மசாலா, ராஜ்மா, பாலக் பன்னீர், தால் எல்லாம் உருகிய பின் கெடுவதில்லை. நியூ ஜெர்சியில் 1977இல் பகவதி அமின் தொடங்கிய டீப் ஃபுட்ஸ் இன்று இந்தத் துறையில் பெரிய பெயர். 1987இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய ஏமிஸ் கிச்சன் முழுக்க சைவம், பட்டாணிப் பன்னீர் வரை செய்கிறது. ட்ரேடர் ஜோஸ் கடைகளின் சிக்கன் டிக்கா மசாலாவை இந்தியர் அல்லாத மாணவர்களும் தேடிப் போகிறார்கள். ஹலால் வேண்டுவோருக்கு சாஃப்ரான் ரோடு இருக்கிறது. தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பழக்கமான வகைகளில் இட்லி சிறப்பாகத் தேறும். ஈரத்தாளால் மூடி மைக்ரோவேவில் வைத்தால் மெத்தென்று மீளும். தோசையும் பரோட்டாவும் அப்படியல்ல. மலேசியாவின் கவான் நிறுவனப் பரோட்டா அமெரிக்க இந்தியக் கடைகளில் நிறைய விற்கிறது, மலேசியாவில் குடியேறிய நம்மவர்களின் ரொட்டிச் சானாயைத் தொட்டு வந்த பண்டம் அது. கல்லில் போட்டால் அருமை, மைக்ரோவேவில் தோலாகிவிடும். கல் வைக்க இடமில்லாத விடுதி அறைக்கு அது உதவாது.

சைவக்காரர்கள் ஒரு விஷயத்தில் விழிப்பாக இருக்க வேண்டும். இந்தியாவில் போல் பச்சைப் புள்ளி அமெரிக்காவில் கட்டாயம் இல்லை. இறைச்சி கணிசமாக இருக்கும் பெட்டி வேளாண்துறையின் கண்காணிப்பில் வரும், வட்ட முத்திரை இருக்கும். முத்திரை இல்லாததாலேயே சைவம் என்று நினைத்துவிடக் கூடாது. காய்கறிச் சோற்றில் கோழிச்சாறு, பீன்ஸில் பன்றிக்கொழுப்பு, பாலாடைக்கட்டியில் விலங்கு நொதி என்று நுழையும் வழிகள் பல. 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி பால், முட்டை, மீன் போன்ற ஒவ்வாமைப் பொருள்களைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்பதால் முட்டை எளிதில் கண்ணில் படும். கோழிச்சாறு அந்தப் பட்டியலில் சேராது. பொடி எழுத்தில் உள்ள சேர்மானங்களை முழுதும் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விலை என்ன? ஒன்றிரண்டு டாலருக்கு மிக மலிவான பெட்டிகள் உண்டு, நடுத்தரம் நான்கு டாலர், நல்ல சைவப் பெட்டி ஆறேழு டாலர் வரை போகும். நான்கு டாலர் பெட்டியை நாளுக்கு இரண்டு வேளை சாப்பிட்டால் மாதம் 240 டாலர். அமெரிக்க அரசின் கணக்குத் தணிக்கை அலுவலக மதிப்பீட்டின்படி 2020இல் 38 லட்சம் கல்லூரி மாணவர்கள், அதாவது 23 சதவீதத்தினர், போதிய உணவு உறுதியில்லாமல் இருந்தார்கள். பாதி நேரமோ அதற்கு மேலோ படிக்கும் மாணவர் பலருக்கு அரசின் உணவு உதவி கிடைக்காது. எஃப்-1 மாணவர் விசாவில் வரும் நம் பிள்ளைகளுக்கு அது இல்லவே இல்லை. பாடம் நடக்கும் காலத்தில் அவர்கள் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். இந்த நிலையில் ஒரு டாலர் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் பிள்ளையிடம் உப்பைப் பற்றி உபதேசம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதே பணத்தில் இன்னும் நன்றாகச் சாப்பிட வழி உண்டு என்று சொல்லலாம்.

அந்த வழி, பெட்டியை முழுச் சாப்பாடாக நம்பாமல் குழம்பாக எண்ணுவது. ஒரு சன்னா மசாலாப் பெட்டி, மூன்று நிமிடத்தில் தயாராகும் உறைந்த சோற்றுப் பொட்டலம், ஒரு கப் உறைந்த பட்டாணி அல்லது கீரை, பக்கத்தில் உறையாத தயிர். ஒரு கப் வெந்த பட்டாணியில் 8 கிராம் புரதமும் 7 கிராம் நார்ச்சத்தும் இருக்கிறது. பெட்டியின் உப்பு இவ்வளவுக்கும் பங்காகப் பிரிந்துவிடும். ஒரு பெட்டி இரண்டு வேளைக்கு வரும். எல்லாமே மைக்ரோவேவில் ஆகும். முழு டின்னர் பெட்டியைப் பரீட்சைக்கு முந்தின இரவுக்கும் பனிப்புயலில் கடை மூடும் நாளுக்கும் இரண்டு மூன்றாக வைத்துக்கொண்டால் போதும்.

அமெரிக்காவுக்குப் போகும் இந்திய மாணவர்களில் பெரும்பங்கினர் முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள். 2023-24இல் இருந்த 3,31,602 பேரில் 1,96,567 பேர் அந்த வகை. அவர்கள் பெரும்பாலும் நாலைந்து பேராக வீடு எடுத்துத் தங்குவதால் முழு அடுப்பும் பெரிய ஃப்ரீசரும் இருக்கும். அவர்கள் ஞாயிறன்று சமைத்து உறைய வைப்பதே மேல். சாம்பார், ராஜ்மா, கோழிக் குழம்பு எல்லாம் நிற்கும், உருளைக்கிழங்கை மட்டும் தவிர்க்க வேண்டும். சோற்றை வடித்த சூட்டிலேயே ஆறப் பரப்பி, தாமதிக்காமல் ஃப்ரீசருக்கு மாற்ற வேண்டும். சமையலறை மேடையில் இரவெல்லாம் கிடந்த சோற்றில் வளரும் கிருமியின் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. உறைந்த தேங்காய்த் துருவலும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இந்தியக் கடையில் கிடைப்பதால், வேலையில் பாதியை யாரோ ஏற்கெனவே முடித்து வைத்திருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் 1993இல் மாணவர்களே ஓர் உணவு வங்கியைத் தொடங்கினார்கள். இப்போது நூற்றுக்கணக்கான வளாகங்களில் அத்தகைய வங்கிகள் உள்ளன. பல இடங்களில் மாணவர் அட்டை காட்டினால் போதும், வெளிநாட்டு மாணவர்களும் போகலாம், கூச்சப்பட வேண்டியதில்லை. அங்கே டப்பா உணவோடு ஒரு ஃப்ரீசரும், அதில் காய்கறியும் இருக்க வேண்டும். விடுமுறை நாள்களில் உணவுக்கூடம் மூடும்போது விடுதியிலேயே தங்கும் பிள்ளைகளுக்கு ஒரு பொதுச் சமையலறையைத் திறந்துவிட வேண்டும். ஒவ்வொரு அறை மைக்ரோவேவின் கதவிலும் அது எத்தனை வாட் என்று பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும். 700 வாட் என்றால் பெட்டி சொல்லும் 5 நிமிடம் இங்கே 8 நிமிடம் என்பதையும் அதன் கீழேயே எழுதிவிடலாம்.